தட்டி அளந்த மண்

எங்கள் ஊரில் தெருக்கள் எல்லாம் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல நேராக இருக்கும். எந்த மூலையில் திரும்பினாலும் சதுரம்தான். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் பெயர் வட்டம். எட்டாவது வட்டம், பதினாறாவது வட்டம், இருபத்தெட்டாவது வட்டம். இங்கிலீஷில் பிளாக் என்று இருந்ததை யாரோ ஒரு புண்ணியவான் தமிழில் வட்டம் என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். சின்ன வயதில் இது எனக்குச் சிரிப்பாக இருந்தது. முப்பது தாண்டிய பிறகு சிரிப்பு வரவில்லை. அந்த மனிதர் விவரம் தெரிந்தேதான் எழுதியிருக்கிறார் என்று தோன்ற ஆரம்பித்தது.

நான் பிறந்தது டவுன்ஷிப் ஆஸ்பத்திரியில். படித்த பள்ளிக்கூடம், சைக்கிள் பழகிய மைதானம், விழுந்து முட்டியைப் பெயர்த்துக்கொண்ட ரோடு, எல்லாம் இதற்குள்ளேயே. காலேஜுக்கு மட்டும் பஸ் ஏறிப் போனேன். அதுவும் சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து இங்கேயே இறக்கிவிட்டது. அப்பா மைன்ஸில் பர்மனென்ட். நான், சுரங்கத்து மண்ணைப் பரிசோதிக்கும் ஒரு சின்னத் தனியார் ஆய்வகத்தில் கான்ட்ராக்ட். காலையில் ஷிப்ட் சங்கு ஊதினால் அப்பா எழுவார். அதே சங்குக்குத்தான் நானும் எழுவேன். செக்குமாட்டுக்காவது கண்ணைக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு அந்தச் சலுகையும் இல்லை.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வெளியே போக வேண்டும். அதற்கு ஒரு வழியும் திறந்திருந்தது. வடக்கே ஒரு பெரிய ஊரில் இருக்கும் ஆய்வகம் எனக்கு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. நான் பகுதிநேரமாகச் செய்துகொண்டிருந்த பிஎச்.டி. ஆய்வேட்டை டிசம்பருக்குள் பல்கலைக்கழகத்தில் கொடுத்துவிட வேண்டும் என்பதுதான் நிபந்தனை. அடுத்த மே மாதம் அப்பா ரிட்டயர். அதோடு குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்பா ஏற்கெனவே வடக்குத்தில் ஒரு வாடகை வீட்டைப் பார்த்துவைத்திருந்தார். டவுன்ஷிப்பின் மதிலைத் தாண்டினால் வடக்குத்து. ஐம்பது வயது வரைக்கும் என்னை அங்கேயே உட்காரவைத்துவிடுவார் என்று எனக்குப் பயம். அதற்கு முன்னால் ரயில் ஏறிவிட வேண்டும்.

என் ஆய்வு என்னவென்று கேட்டால் சொந்தக்காரர்களிடம் "மண்" என்று சொல்லிவிடுவேன். அதற்குமேல் அவர்களும் கேட்க மாட்டார்கள். உண்மையிலும் மண்தான். இங்கே நிலக்கரிக்கு மேலே பல பனைமர உயரத்துக்கு மண் இருக்கிறது. அதைத் தோண்டிக் கொட்டிய பிறகுதான் கரி தெரியும். அந்த மண்ணில் அடுக்கு அடுக்காகக் களிமண் வரும். சில களிமண்ணில் துகள்கள் தகடு தகடாக இருக்கும், பீங்கான் செய்கிறவர்களுக்கு அது தங்கம். சிலதில் உருண்டை உருண்டையாக இருக்கும், அது வெறும் குப்பைமேடு. எந்த அடுக்கில் எந்த வடிவம் என்று கண்டுபிடிக்க வேண்டும். துகளோ கண்ணுக்குத் தெரியாத அளவு. ஒவ்வொன்றையும் பெரிய மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது எங்களால் ஆகிற காரியம் இல்லை. எங்களிடம் இருந்தது ஒரு எக்ஸ்ரே மெஷின். உடம்புக்கு எடுப்பது இல்லை, பொடிக்கு எடுப்பது.

மண்ணைக் காயவைத்து, கல்வத்தில் அரைத்து, ஹோல்டரில் இருக்கும் ஒரு ரூபாய் நாணயம் அகலக் குழியில் நிரப்பி மெஷினுக்குள் வைப்போம். எக்ஸ்ரே கதிர் அந்தப் பொடியில் பட்டுத் தெறிக்கும். தெறித்ததை ஸ்கிரீனில் கோடாகப் போடும். கோடு அங்கங்கே கூரையாக எழும்பி நிற்கும். அதை நாங்கள் பீக்கு என்போம். அப்பளத்தை டப்பாவில் போட்டு அசைத்தால் எல்லாம் மல்லாந்து படுத்துக்கொள்ளும். கடுகை அசைத்தால் கடுகு எப்படியும் கடுகாகவே கிடக்கும். தகடுத் துகள்கள் அப்பள ஜாதி. அவை படுத்துக்கிடந்தால் சில பீக்கு மட்டும் ஓங்கி வளரும், மற்றவை குட்டையாகிவிடும். எந்த பீக்கு எவ்வளவு உயரம் என்று பல மாதிரிகளில் அளந்து, புள்ளியியல் கணக்கில் போட்டால் ஒரே வடிவம் கொண்டவை தானாக ஒரு கும்பலாகச் சேரும். இதுதான் என் ஆய்வு. எண்பத்து நான்கு மாதிரிகள், இரண்டு வருஷம்.

இந்த இரண்டு வருஷமும் என்னோடு இருந்தவர் வடக்குத்து அக்கா. எங்கள் ஆய்வகத்தில் உதவிக்கு எடுத்திருந்த கான்ட்ராக்ட் ஆள். வயது நாற்பத்தைந்து இருக்கும். கல்வம் கழுவுவது, மண் காயவைப்பது, அரைப்பது எல்லாம் செய்வார். குழியில் நிரப்புவது நான். செவ்வாயும் வியாழனும் நான் பல்கலைக்கழகத்துக்குப் போய்விடுவேன். அந்த நாட்களில் மாதிரிகளை நிரப்பி மெஷினில் வைப்பது முழுக்க அவர் பொறுப்பு. முதல் நாள் நான் சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான்: "குழி ரொம்பற அளவுக்குப் போடுங்கக்கா, மேல கண்ணாடித் துண்டால வழிச்சு விட்டுடுங்க." அவர் ஒரு தடவை பார்த்தார், பிடித்துக்கொண்டார். இதற்கு முன்னால் மல்லாட்டை விற்றவர். மல்லாட்டை என்றால் இந்தப் பக்கத்தில் வேர்க்கடலை. கை சுத்தமான கை. ஒரு சிட்டிகைப் பொடி மேஜையில் சிந்தாது.

ஒரு வியாழன் நான் சீக்கிரம் திரும்பி வந்தபோது, அவர் வைத்திருந்த மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கிரீனில் ஒரு பீக்கு கோபுரம்போல எழும்பி நின்றது. எனக்குச் சந்தோஷம்.

"அக்கா, உங்க கை பட்டாலே பீக்கு சும்மா நிமிர்ந்து நிக்குது!" என்றேன்.

"கேலி பண்ணிகினு இருக்காதீங்க மேடம்" என்றார். ஆனால் முகம் மலர்ந்துவிட்டது. அன்று சாயங்காலம் வரைக்கும் அந்தச் சிரிப்பு போகவில்லை.

அக்டோபரில் எல்லா மாதிரியும் முடிந்து கணக்கில் போட்டேன். ஸ்கிரீனில் எண்பத்து நான்கு புள்ளிகள். இந்தப் பக்கம் ஒரு கும்பல், அந்தப் பக்கம் ஒரு கும்பல், நடுவே சுத்தமான இடைவெளி. ஒன்று தகடு, இன்னொன்று தகடு அல்லாதது. எங்கள் இன்சார்ஜ் சார் வந்து பார்த்துவிட்டு, "அடி சக்கை! லட்டு மாதிரி ரெண்டு குரூப்பு!" என்று சொல்லி நிஜமாகவே லட்டு வாங்கிவரச் சொன்னார். நான் வடக்கே இருந்தவர்களுக்கு மெயில் போட்டேன். வீட்டில் சூட்கேஸை இறக்கித் தூசி தட்டினேன். அப்பா பார்த்துவிட்டுச் செய்தித்தாளுக்குள் போய்விட்டார்.

நவம்பரில் கடைசி அத்தியாயம் எழுதும்போது மாதிரிகளின் பட்டியலை ஒருமுறை சரிபார்த்தேன். அதில் இரண்டு எண்களுக்கு ஒரே குறிப்பு இருந்தது. மழையில் ஒரு பை கிழிந்துபோய், அந்த மண்ணை இரண்டு பைகளில் பிரித்துப் போட்டிருந்தோம். அவசரத்தில் இரண்டுக்கும் தனித்தனி எண் கொடுத்துவிட்டோம். ஒரே மண், ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஆனால் என் கணக்கில் ஒன்று தகடு, மற்றது தகடு இல்லை.

ரிஜிஸ்டரை எடுத்துத் தேதி பார்த்தேன். தகடு என்று சொன்ன பை ஒரு செவ்வாய்க்கிழமை நிரப்பியது. மற்றது மறுநாள் புதன். பிறகு ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துக்கொண்டே போனேன். ஒன்றிரண்டைத் தவிர, தகட்டுக் கும்பல் முழுக்கச் செவ்வாயும் வியாழனும். மற்ற கும்பல் முழுக்கத் திங்கள், புதன், வெள்ளி. என் கணக்கு களிமண்ணின் வடிவத்தைப் பிரிக்கவில்லை. கிழமையைப் பிரித்திருக்கிறது. இரண்டு வருஷம் பாடுபட்டுச் செவ்வாய்க்கிழமையைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

அக்காவைக் கூப்பிட்டு, "ஒரு மாதிரிய போட்டுக் காட்டுங்க" என்றேன். அவர் குழியில் பொடியைப் போட்டார். ஹோல்டரைத் தூக்கி மேஜையில் டக், டக், டக் என்று மூன்று தட்டுத் தட்டினார். பொடி இறங்கியது. குறைந்ததை நிரப்பினார். மறுபடி தட்டினார். கண்ணாடித் துண்டை மேலே வைத்துக் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி வழித்துவிட்டார். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அப்பளம் எல்லாம் மல்லாந்து படுக்க அதைவிட நல்ல வழி இல்லை.

"எதுக்குக்கா தட்டுறீங்க?"

"தட்டாம எப்புடிங்க? மல்லாட்டை அளக்கறப்ப படிய தட்டாம குடுத்தா உள்ள பொக்கையா நிக்கும். பாக்க ரொம்பின மாரி இருக்கும், வூட்டுக்கு எடுத்துகினு போயி கொட்டுனா கொறையும். தட்டி, கொறைஞ்சத போட்டு, திரும்பத் தட்டிக் குடுக்கணும். இல்லன்னா பாவம்ங்க."

என் களிமண்ணுக்கு நியாயமான அளவு கொடுத்திருக்கிறார்! அவ்வளவுதான் நடந்தது. எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது.

"இது என்ன உங்க சந்தைக் கடையா? படி அளக்கறீங்களா? என் ரெண்டு வருஷத்த மண்ணோட மண்ணா ஆக்கிட்டீங்களே! உங்ககிட்டப் போயி குடுத்தேன் பாருங்க, என்னச் செருப்பால அடிக்கணும்!"

அவர் ஹோல்டரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எல்லா மாதிரியையும் ஒரே விதமாக நிரப்ப வேண்டும், பொடியைத் தட்டக் கூடாது, அழுத்தக் கூடாது என்று என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்தில் நானே எழுதியிருந்தேன். எழுதியதை இவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை. அது கத்தும்போதே எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் இன்னும் பலமாகக் கத்தினேன். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் இன்சார்ஜ் சார் நின்றிருந்ததைக் கவனிக்கவில்லை.

மறுநாள் சார் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"இங்க பாரும்மா. யுனிவர்சிட்டில மூணு மாசம் எக்ஸ்டென்ஷன் கேட்கலாம். ஸ்டூடண்ட் தப்புன்னா தர மாட்டாங்க. லேப்ல நடந்த தப்புன்னா நான் லெட்டர் தரேன். ஆனா யார் தப்புன்னு நீ எனக்கு எழுத்துல தரணும்."

"எழுதினா அவங்களுக்கு என்ன சார் ஆகும்?"

"கான்ட்ராக்ட்தானே. ஒண்ணாந்தேதி கேட் பாஸ் புதுப்பிக்கணும். பார்க்கலாம்."

அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். வடக்கே போன் போட்டுக் கேட்டேன். மார்ச் வரைக்கும் முடிந்தால் பொறுத்துப் பார்க்கிறோம் என்றார்கள். முன்னால் போனால் கடிக்கிறது, பின்னால் வந்தால் உதைக்கிறது. வீட்டுக்கு வந்து அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு முழுக்கக் கேட்டார்.

"பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்வாங்க. பாத்து எழுது" என்றார். பிறகு, என்னைத் தேற்றுவதாக நினைத்துக்கொண்டு, "எழுதலன்னா என்ன குடிமுழுகிப் போச்சு? வேலை போனா போவட்டும். இங்கேயே இருந்துட்டுப் போ. வடக்குத்து வீட்டுல மாடி ரூம் உனக்குத்தான், நல்ல காத்து வரும்" என்றார்.

அப்பா அந்த மாடி அறையைப் பற்றிச் சொல்லாமல் இருந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று பல தடவை யோசித்திருக்கிறேன். பழியை அவர்மேல் போட நான் பார்க்கவில்லை, அவர் அன்பாகத்தான் சொன்னார். ஜன்னலுக்கு வெளியே அதே வேப்பமரம், கொடியில் சாம்பல் படிந்த அதே துணிகள், பக்கத்து வீட்டில் அதே குக்கர் விசில். பேப்பரை எடுத்து எழுதினேன். "உதவிப் பணியாளர், கூறப்பட்ட முறையை மீறி, மாதிரிகளைத் தட்டியும் அழுத்தியும் நிரப்பிய காரணத்தால்..."

தட்டியது உண்மை, அழுத்தியது உண்மை. கூறப்பட்ட முறையை மீறி என்ற மூன்று வார்த்தை பொய். எந்த முறையும் கூறப்படவில்லை. கூறியது ஒன்றே ஒன்று, பீக்கு நிமிர்ந்து நிற்கிறது என்ற பாராட்டு. அதை நான் எழுதவில்லை.

மாசக் கடைசியில் சார் அக்காவைக் கூப்பிட்டுப் பேசினார். பத்து நிமிஷத்தில் அக்கா வெளியே வந்துவிட்டார். நான் மும்முரமாக எதையோ தட்டச்சு செய்வதுபோல இருந்தேன். அவர் கல்வத்தைக் கழுவிக் கவிழ்த்தார். கண்ணாடித் துண்டைத் துடைத்து அதன் இடத்தில் வைத்தார். ஏப்ரனை மடித்தார். "வரேங்க மேடம்" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். அவர் வரவில்லை.

எக்ஸ்டென்ஷன் கிடைத்தது. எண்பத்து நான்கையும் நானே தனியாக முதலிலிருந்து செய்தேன். தட்டவில்லை, அழுத்தவில்லை. சல்லடையால் பொடியைத் தூவி, நிறைந்ததும் மூச்சுக்கூட விடாமல் மெஷினில் வைத்தேன். பிப்ரவரியில் கணக்கில் போட்டேன். இரண்டு கும்பலும் கரைந்து ஒன்றாகிவிட்டன. எல்லா அடுக்கும் ஒரே மாதிரிக் கலவை மண். நான்கு புள்ளிகள் மட்டும் தள்ளி நின்றன. ஆசையோடு நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். நான்கும் ஒரே நாள் நிரப்பியவை, அன்று காலை வடக்குத்து வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு வந்த அப்பாவோடு சண்டை போட்டிருந்தேன். கோபத்தில் என் கட்டைவிரலும் அழுத்தியிருக்கிறது. என்மேல் புகார்க் கடிதம் எழுத யாரும் இல்லை.

வகைப்படுத்த ஒன்றும் இல்லாமல் வகைப்படுத்தலைப் பற்றி எப்படி ஆய்வேடு கொடுப்பது? வேறு கேள்வி எடுத்து மறுபடி தொடங்க வேண்டும் என்றார்கள். வடக்கிலிருந்து இரண்டு வரி மெயில் வந்தது. இடம் நிரம்பிவிட்டதாம், வாழ்த்துகளாம். சூட்கேஸைப் பரணில் போட்டேன். மே மாதம் அப்பா ரிட்டயர் ஆனார், ஜூனில் சாமான்களை லாரியில் ஏற்றி வடக்குத்துக்கு வந்தோம். மாடி அறையில் நல்ல காற்று வருகிறது. அப்பா பொய் சொல்லவில்லை.

அங்கே பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் வடக்குத்து அக்கா சாயங்காலங்களில் அவித்த மல்லாட்டை விற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முதல் நாள் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்ததும் குனிந்துகொண்டேன். மறுநாளிலிருந்து ஒரு நிறுத்தம் முன்பே இறங்கி, வயல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு நடந்து போனேன். மூன்று வாரம் அப்படி நடந்தேன். என் கடிதத்தைப் பற்றி அவருக்குத் தெரியுமா, சார் காட்டினாரா என்று எனக்குத் தெரியாது. கேட்கும் தைரியம் இன்றைக்கும் இல்லை. ஒருநாள் பிடித்துக்கொண்ட மழையில் கண்டக்டர் என்னை முந்திய நிறுத்தத்தில் இறங்க விடவில்லை. "மழையில எங்க எறங்குறம்மா, அடுத்த ஸ்டாப்புல நிழக்கொடை இருக்குல்ல" என்றார். இறங்கினேன், நேராக அவர் முன்னால்.

"மேடம்! இங்க எங்கங்க?" என்றார். சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சிரித்தார்.

"இங்கதான்க்கா வீடு. அரைப்படி போடுங்க."

அவர் படியில் அள்ளிப் போட்டார். டக், டக், டக் என்று தட்டினார். குறைந்ததை நிரப்பினார், மறுபடி தட்டினார். என்னால் அந்தக் கையைப் பார்க்க முடியவில்லை.

"அக்கா, அன்னைக்கு சார் உங்ககிட்ட என்ன கேட்டார்?"

"யாரு தட்டச் சொன்னாங்கன்னு கேட்டாருங்க. நானாத்தான் தட்டுனேன்னு சொல்லிட்டேன்."

"உங்க கை பட்டா பீக்கு நிமிர்ந்து நிக்குதுன்னு நான் சொன்னேனேக்கா."

"சொன்னீங்கதான். அதுக்கப்பறம் இன்னும் ரெண்டு தட்டு சேத்துல்ல தட்டிகினு இருந்தேன்!" என்று சிரித்தார். "அத சார்கிட்ட சொன்னா உங்களுக்கு கஷ்டமா பூடுமேன்னு வுட்டுட்டேங்க. நீங்கதான் வெளியூரு போவணும், வெளியூரு போவணும்னு சொல்லிகினே இருப்பீங்களே."

படியை என் பையில் கவிழ்த்துவிட்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார்.

"ஆமா, இன்னும் போவலீங்களா?"

"இல்லக்கா" என்றேன்.

"அடப் பாவமே" என்று சொல்லி, கொசுறாக இன்னொரு கை அள்ளிப் பையில் போட்டார்.